கேடோ ஏரியில் இரண்டு ராத்திரி

நவம்பர் இரண்டாவது வாரம். வெள்ளிக்கிழமை மகள் பள்ளிவிட்டு வந்ததும் கிளம்பிவிட்டோம். டாலஸிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரம். ஜெஃபர்சன் ஊரைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் பைன் மரங்கள் நெருங்கி வந்தன. கேடோ லேக் ஸ்டேட் பார்க்கில் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது. காரின் விளக்கு வெளிச்சத்தில் டென்ட் அடித்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுப் படுத்தோம். ராத்திரி ஒரு ஆந்தை கூப்பிட, தூரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுத்துக்கொண்டே இருந்தது.

விடிந்த பிறகுதான் இடத்தையே பார்த்தோம். சா மில் பாண்ட் என்கிற குளத்தில் பனிமூட்டம். அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்களைப் போல பால்ட் சைப்ரஸ் மரங்கள். ஊசியிலை மரம்தான், ஆனாலும் இலையுதிர்காலத்தில் இலை கொட்டும். நாங்கள் போனபோது எல்லாம் துருப்பிடித்த இரும்பின் நிறம். கிளைகளில் நரைத்த சடைபோல ஸ்பானிஷ் மாஸ் தொங்கியது. பெயரில் பாசி என்று இருந்தாலும் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தை உறிஞ்சாது, மழையிலும் காற்றிலும் கிடைப்பதை வைத்தே வாழ்கிறது.

வாடகைக்கு ஒரு கனூ எடுத்தோம். டெக்சாஸில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சிறு படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது, நாங்களும் போட்டுக்கொண்டோம். மனைவி முன்னால், மகள் நடுவில், நான் பின்னால். பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்ப வேண்டும். துடுப்பை வலித்து முடிக்கிற நேரத்தில் லேசாக வெளிப்பக்கம் தள்ளினால் படகு நேராகப் போகிறது. அது கைக்குப் பிடிபட அரை மணி நேரம் ஆனது.

அப்புறம் சத்தமே இல்லை. காரில் மூன்று மணி நேரமும் வாய் ஓயாத பிள்ளை, தானாகவே குரலைத் தாழ்த்தி, "அப்பா, அங்க பாருங்க" என்று கிசுகிசுத்தாள். மரத்தைச் சுற்றித் தண்ணீரிலிருந்து கூம்பு கூம்பாக நீட்டிக்கொண்டிருந்தன அதன் வேர்கள். இங்கே முழங்கால் என்கிறார்கள். எதற்காக வளர்கின்றன என்பதற்கு விஞ்ஞானிகளிடமே முடிவான பதில் இல்லை. ஒன்றின் தலையில் சிறிய ஆமை கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. துடுப்பை மடியில் வைத்துவிட்டு, அது தண்ணீரில் இறங்கும்வரை அப்படியே மிதந்தோம்.

இந்த ஏரி பிறந்த விதமும் எனக்குப் பிடித்தது. ரெட் ஆற்றில் பல நூறு ஆண்டுகளாக மரங்கள் அடித்துவந்து சிக்கி, மைல் கணக்கில் அடைப்பாகி, தண்ணீர் பின்னால் தேங்கியது. 1870களில் அந்த அடைப்பை எடுத்ததும் நீர்மட்டம் இறங்கிவிட்டது. 1914இல் அணை கட்டித்தான் தேக்கினார்கள். இன்றைக்கு டெக்சாஸ், லூசியானா இரண்டிலும் சேர்த்து சுமார் 26,800 ஏக்கர். வழி தவறுவது சுலபம் என்பதால் படகுப் பாதைகளுக்கு எண் பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் குளத்தைவிட்டு அதிக தூரம் போகவில்லை.

ஒரு மூலையில் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல ஜயன்ட் சால்வினியா. பிரேசிலிலிருந்து வந்த மிதக்கும் பெரணி, 2006இல் இந்த ஏரியில் கண்டுபிடித்தார்கள். மகள் ஒரு இலையைக் கையில் எடுத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். தாமரை இலைபோல ஒட்டவே இல்லை, மணிமணியாக உருண்டு ஓடியது. இலை முழுக்க நுண்ணிய முடிகள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் மேற்பரப்பை மூடினால் கீழே வெளிச்சமும் போகாது, காற்றும் போகாது. இதை மட்டுமே தின்னும் சின்ன வண்டுகளை வளர்த்து ஏரியில் விடுகிறார்கள். ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு போனால்கூட இன்னொரு ஏரியில் முளைத்துவிடும் என்று சொன்னதும், அவள் முகம் மாறிவிட்டது. இலையை எடுத்த இடத்திலேயே விட்டாள்.

ஞாயிறு காலை டென்ட்டைச் சுருட்டி காரில் ஏற்றிவிட்டோம். மனைவி கூப்பிட்டும் மகள் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், டிக்கிப் பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, எங்கள் மூன்று பேரின் செருப்பையும் கவிழ்த்துவைத்து, ஒரு குச்சியால் அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.