எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரே குரலஞ்சல்

அலுவலகத் தொலைபேசி அமைப்பைப் பராமரிப்பவர்களை அவ்வப்போது தேடிவரும் கோரிக்கை ஒன்று உண்டு: "சார், எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரே நேரத்தில் ஒரு வாய்ஸ்மெயில் போட முடியுமா?" பெரும்பாலும் அது மனிதவளப் பிரிவிலிருந்தோ நிர்வாகப் பிரிவிலிருந்தோ வரும். பொங்கலுக்கு அலுவலகம் எந்தெந்த நாள்களில் மூடியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். அல்லது சனிக்கிழமை மின்வாரியப் பராமரிப்புக்காக மாடிகளில் மின்சாரம் இருக்காது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். முடியும் என்பதே பதில். ஆனால் எந்த வழியில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் முன்பு நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த அறிவிப்பு எத்தனை நாளைக்குச் செல்லும்?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது, இத்தகைய குரலஞ்சல் உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விளங்கும். மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற திறமூலத் தொலைபேசி மென்பொருளும், அதை இணையப் பக்கங்கள் வழியாகவே நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸும் சிறிய, நடுத்தர அலுவலகங்களில் இன்று பரவலாக இருப்பதால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். ஃப்ரீபிபிஎக்ஸில் 'வாய்ஸ்மெயில் பிளாஸ்டிங்' என்றொரு பகுதி இருக்கிறது. அதில் ஒரு குழுவை உருவாக்கி, எண் ஒன்று கொடுத்து, வேண்டிய எக்ஸ்டென்ஷன்களைச் சேர்த்துவிட்டால், அந்த எண்ணை அழைத்துப் பேசிய செய்தி குழுவிலுள்ள எல்லாக் குரலஞ்சல் பெட்டிகளிலும் போய் விழும். ஆஸ்டரிஸ்க்கை நேரடியாகக் கையாள்பவர்கள், டயல்பிளானில் (எந்த எண்ணை அழைத்தால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் கட்டளை வரிசையில்) பெட்டி எண்களை '&' குறியால் கோத்து எழுதினாலே இதே பலன் கிடைக்கும். அப்படி எழுதும்போது, அழைத்தவருக்கு முதலில் ஒலிக்கும் வாழ்த்துரை, வரிசையில் முதலில் நிற்கும் பெட்டியிலிருந்தே எடுக்கப்படும். அந்த முதல் பெட்டி அமைப்பில் இல்லாமற்போனால் அழைப்பு அங்கேயே நின்றுவிடும். ஆகவே முதலிடத்தில் வேலையை விட்டுப் போகக்கூடிய ஒருவரின் எண்ணை வைக்காமல், வரவேற்பு மேசையின் எண்ணைப் போன்று நிலையான ஒன்றை வைப்பது நல்லது.

பேசி முடித்து ஹாஷ் பொத்தானை அழுத்தியதும் நடப்பது வெறும் நகலெடுப்புத்தான். முதல் பெட்டியின் உள்வரும் கோப்புறையில் ஓர் ஒலிக்கோப்பும், அழைத்தவர் எண், நேரம், நீளம் ஆகியவற்றைக் குறிக்கும் சிறிய எழுத்துக்கோப்பு ஒன்றும் எழுதப்படுகின்றன; பிறகு அவை பெட்டி பெட்டியாக நகலாகின்றன. நொடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட் என்ற கணக்கில், சுருக்கப்படாத வேவ் கோப்பு நிமிடத்துக்கு 960 கிலோபைட் வரும். 300 பெட்டிகள் என்றால் ஒரு நிமிடப் பேச்சுக்கு 288 மெகாபைட். இன்றைய வட்டில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் குரலஞ்சலை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அதே 300 கோப்புகளும் சில நொடிகளுக்குள் அலுவலக மின்னஞ்சல் சேவையகத்தின் வாசலில் போய் நிற்கும். அதுவும் இதைக் குப்பை அஞ்சல் என்று கருதித் தடுத்துவிடக்கூடும். அமைப்புக் கோப்பில் ஒலி வடிவங்களின் வரிசையில் முதலாவதாக உள்ளதே மின்னஞ்சலில் இணைக்கப்படும் என்பதால், அங்கே ஜிஎஸ்எம் சுருக்கமுள்ள 'வேவ்49' என்பதை முதலில் போட்டுவிட்டால் ஒரு நிமிடம் 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். குரலின் தரம் சற்றுக் குறையும். விடுமுறை அறிவிப்புக்கு அது போதும்.

நகல் விழுந்ததும் மேசைத் தொலைபேசிகளில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். 2004இல் வெளியான ஆர்எஃப்சி 3842 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த முறைப்படி, இத்தனை புதிய செய்திகள், இத்தனை பழைய செய்திகள் என்று சேவையகம் ஒவ்வொரு கருவிக்கும் தெரிவிக்கிறது. இதுதான் இந்த வழியின் பெரிய பலம். விளக்கைப் பார்த்தவர் என்றைக்காவது எடுத்துக் கேட்பார். பலவீனமும் அதுவே. சனிக்கிழமை மின்தடையைப் பற்றிய செய்தி, அதற்கு அடுத்த மாதமும் அதே பெட்டியில், அதே விளக்கை எரியவிட்டபடி கிடக்கும். போதாக்குறைக்கு, ஒரு பெட்டியின் கோப்புறையில் இயல்பாக 100 செய்திகளுக்கே இடம் உண்டு. நிரம்பிய பெட்டிக்கு நகல் போகாது. சேவையகத்தின் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படுமே தவிர, பேசியவருக்கு எந்தத் தகவலும் வராது. யார் அதிகமாகக் குரலஞ்சலைத் திறக்காமல் இருக்கிறாரோ அவருக்குத்தான் அறிவிப்பும் போய்ச் சேராது என்பது இதிலுள்ள வேடிக்கை.

காலாவதியான செய்தியைச் சேவையகத்தில் புகுந்து நாமே அழித்துவிடலாம். எழுத்துக்கோப்பிலுள்ள அழைத்தவர் எண்ணையும் நேரத்தையும் ஒப்பிட்டால் எந்த நகல் என்று அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் கோப்பு போனது ஆஸ்டரிஸ்க்குக்குத் தானாகத் தெரியாது. 'போல்மெயில்பாக்ஸஸ்' என்ற அமைப்பை இயக்கி வைத்திருந்தால்தான் குறித்த இடைவெளியில் (இயல்பாக 30 நொடி) பெட்டிகளைச் சோதித்து விளக்கை அணைக்கும். இல்லையென்றால் காலியான பெட்டிக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அழைப்புகள் நம்மைத் தேடி வந்துகொண்டே இருக்கும்.

சிஸ்கோவின் யூனிட்டி கனெக்ஷன் என்ற குரலஞ்சல் மென்பொருள் இதை வேறு விதமாக அணுகுகிறது. அனைத்துப் பயனர்களையும் கொண்ட பட்டியலுக்குச் சாதாரணச் செய்தி அனுப்புவது ஒரு வழி. 'பிராட்காஸ்ட் மெசேஜ்' என்பது இன்னொன்று. இரண்டாவதில், பயனர் தம் பெட்டிக்குள் நுழைந்தவுடன், எத்தனை செய்திகள் உள்ளன என்று சொல்வதற்கும் முன்பாகவே, அறிவிப்பு ஒலிக்கும். முழுவதும் கேட்காமல் தாண்டிப் போக முடியாது. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் குறித்துவிடலாம். விளக்கை மட்டும் அது எரியவிடாது. அறிவிப்புக்கு ஆயுளைக் குறிக்கும் இந்த ஏற்பாட்டையே நான் பெரிதும் விரும்புகிறேன்.

ஆஸ்டரிஸ்க்கிலும் இதைச் செய்துகொள்ளலாம். குரலஞ்சலைக் கேட்பதற்கான *97 அழைப்பு, பெட்டிக்குள் நுழைவதற்கு முன்பு ஓர் ஒலிக்கோப்பை இசைக்கும்படி டயல்பிளானில் சில வரிகள் சேர்த்தால் போதும். 'பேக்கிரவுண்ட்' என்ற கட்டளைக்குப் பதிலாக 'பிளேபேக்'கைப் பயன்படுத்தினால் பொத்தானை அழுத்தி அதை வெட்ட முடியாது. ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டார் என்பதை ஆஸ்டரிஸ்க்கின் சிறு தரவுத்தளத்தில் குறித்துக்கொண்டால் மறுமுறை தொல்லை இருக்காது. நாள் வரம்புக்கு 'கோட்டுஇஃப்டைம்' இருக்கிறது. அதில் நேரம், கிழமை, தேதி, மாதம் ஆகியவற்றைக் குறிக்கலாம்; ஆண்டைக் குறிக்க இடமில்லை. இந்த ஆண்டின் வரிகளை நீக்காமல் விட்டால், அடுத்த ஆண்டு அதே தேதியில் பழைய தீபாவளி அறிவிப்பு புதிதாக ஒலிக்கத் தொடங்கிவிடும். தீபாவளியோ அதற்குள் வேறு தேதிக்குப் போயிருக்கும்.

பதிவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொலைபேசி ஒலி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய எதையும் சுமந்து வராது. ஸகர, ஷகர ஒலிகள் மங்கி, 'ஃபிஃப்டீனா, சிக்ஸ்டீனா' என்ற ஐயம் எழுவது இதனால்தான். ஆகவே தேதியை இருமுறை, கிழமையோடு சேர்த்துச் சொல்லச் சொல்வேன். ஸ்பீக்கரில் பேசாமல் ரிசீவரைக் கையில் எடுத்துப் பேசினால் ஏசியின் இரைச்சல் பாதி குறைந்துவிடும். சொல்ல வேண்டியதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். 'அன்பார்ந்த பணியாளர்களுக்கு வணக்கம், நமது நிறுவனத்தின்...' என்று நீளும்போதே கேட்பவர் 7ஆம் பொத்தானை அழுத்திச் செய்தியை அழித்திருப்பார். தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டியிருந்தால், இரண்டும் சேர்ந்து முக்கால் நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

தீ, வெள்ளம் போன்ற அவசரங்களுக்கு இவற்றில் எதுவும் உதவாது என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதற்கு உரியது பேஜிங்: தொலைபேசிகள் தாமாகவே எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரில் பேசும்.

கடைசியாகப் பாதுகாப்பு. குழுவின் எண்ணுக்குக் கடவுச்சொல் வைக்கும் வசதியை ஃப்ரீபிபிஎக்ஸ் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அதைக் கட்டாயமாக வைப்பதே முறை. வெளியிலிருந்து அழைப்பவர் ஐவிஆர் (எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லும் தானியங்கிக் குரல்) வழியாக அந்த எண்ணை எட்டிவிட முடியாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டி. எக்ஸ்டென்ஷன் அடுத்தவருக்குக் கைமாறியிருக்கும், பெயரும் மாறியிருக்கும். மின்னஞ்சல் என்ற கட்டத்தில் மட்டும் பழையவரின் சொந்த முகவரி அப்படியே இருக்கும். சம்பள உயர்வு பற்றிய உள் அறிவிப்பு ஒலிக்கோப்பாக அவருக்கும் போய்ச் சேரும். எனவே ஒவ்வொரு முறையும் குழுவுக்கு அனுப்பும் முன்பு உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பதோடு நிற்காமல், வாய்ஸ்மெயில் அமைப்புக் கோப்பைத் திறந்து, அலுவலக முகவரியாக இல்லாத மின்னஞ்சல் எதுவும் அதில் இருக்கிறதா என்று ஒரு தேடல் ஓட்டிவிடுகிறேன்.