வெள்ளிக்கிழமை பின்னேரத்து ஆஸ்பத்திரி

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து பார்க்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் வந்தால் எல்லாம் நிறைவாகவே இருக்கும். வெளிநோயாளர் பிரிவில் டொக்டர்மார் இருப்பார்கள், கிளினிக்கில் வைத்திய நிபுணர் இருப்பார், மருந்தகத்துக்கு முன்னால் வரிசை நிற்கும். வெள்ளி மத்தியானம் தாண்டினால் ஏ-9 வீதியில் வடக்கே யாழ்ப்பாணத்துக்கும் தெற்கே வவுனியாவுக்கும் போகிற பஸ்களில் எங்கள் ஆட்கள் ஏறிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்பது அன்றைக்கு யார் நிற்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

நான் தாதிய உத்தியோகத்தர். வேலை பார்த்ததெல்லாம் வன்னிக்குள்ளேதான். முதலில் ஒரு பிரதேச வைத்தியசாலை, பிறகு ஒரு ஆதார வைத்தியசாலை. பெயர்கள் வேண்டாம். நான் சொல்லப் போவது மல்லாவிக்கும் பொருந்தும், புதுக்குடியிருப்புக்கும் பொருந்தும், பூநகரிக்கும் பொருந்தும். ஊழியர் விதிகள் என்று அலுவலகத்தில் கோப்புக் கட்டி வைத்திருக்கிறோமே, இடமாற்றம், விடுமுறை, ஆளணி, மேலதிக நேரம் என்று, அவை ஒவ்வொன்றும் நோயாளியின் கட்டில் வரைக்கும் வந்து சேருகின்றன. இதை நோயாளர் விடுதியில் நிற்பவர்கள் நன்றாக அறிவோம். விதி எழுதுகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் ஆட்கள் எப்படி வந்து சேருகிறார்கள் என்று பார்ப்போம். உள்ளகப் பயிற்சி முடித்த டொக்டர்மாருக்கு மெரிட் லிஸ்ட் வரிசையில்தான் நியமனம். மேலே இருப்பவர்கள் முதலில் இடம் தெரிவு செய்வார்கள், நகரத்து ஆஸ்பத்திரிகள் நிரம்பும். வன்னி மிஞ்சி நிற்கும். கடைசியில் வருகிறவர்களில் பலர் இளம் பிள்ளைகள். வந்த நாளிலிருந்தே மேற்படிப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பரீட்சை சரிவந்தால் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும். கலியாணம் முடித்தவர் என்றால் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். தங்குவதற்கு அறை என்று கொடுப்பதில் மழை ஒழுகும், தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். இந்த நிலையில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வீட்டை வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் போய்வருகிறார் என்றால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் குடும்பக்காரிதான்.

என் கோபம் கணக்கு எழுதும் முறையில். மாத அறிக்கையில் "இருக்க வேண்டியவர் இத்தனை, இருப்பவர் இத்தனை" என்று இரண்டு நிரல். ஒருவர் எங்கள் ஆளணியில் பெயரை வைத்துக்கொண்டு தற்காலிக இணைப்பில் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை செய்வார். அவரும் எங்கள் கணக்கில் ஓர் ஆள். வெற்றிடம் இல்லை என்பதால் வேறொருவரைக் கேட்கவும் முடியாது. அப்புறம் இன்னொன்று. ஆஸ்பத்திரி வேலை தனித்தனி ஆளாக நடப்பதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் நிற்பார், மயக்க மருந்து நிபுணர் லீவு. அந்தச் சனி, ஞாயிறு தியேட்டர் பூட்டித்தான் இருக்கும். வயிற்றுக் குத்தோடு வந்த பிள்ளைக்குக் குடல்வால் வீங்கியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அம்புலன்சில் ஏற்றிக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ அனுப்ப வேண்டும். கூட ஒரு தாதி போக வேண்டும். போனால் விடுதியில் இருப்பது ஒருவர்தான். தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஏறுவார். தாள்க்கணக்கில் இரண்டு நிபுணர்களும் இருக்கிறார்கள்; இருவரும் ஒரே நாளில் நின்றார்களா என்று கேட்கும் நிரல் அந்த அறிக்கையில் இல்லை.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்தது பெரிய உதவி, அதை மனதாரச் சொல்ல வேண்டும். முன்பு உழவு இயந்திரப் பெட்டியில் நோயாளியைக் கொண்டுவந்து இறக்கியதைக் கண்டவள் நான். ஆனால் வண்டி கிட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வரும். அங்கே ஆள் இல்லையென்றால் அங்கிருந்து அடுத்ததற்கு இன்னொரு வண்டி. இரண்டாவது ஏற்றத்துக்கும் முதலாவதுக்கும் நடுவில் போகிற நேரம் யாருடைய பதிவேட்டிலும் விழுவதில்லை.

பாம்புக்கடியைச் சொல்லாமல் வன்னி ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத முடியாது. அருவி வெட்டு என்கிற நெல் அறுவடைக் காலத்தில் கண்ணாடிப் புடையன் கடித்து வருவார்கள். அப்படி வந்தால் நாங்கள் முதலில் செய்வது இருபது நிமிடப் பரிசோதனை. கொஞ்ச இரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து ஒரு தரம் மெதுவாகச் சரித்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் சரி. தண்ணீர் மாதிரி ஓடினால் நஞ்சு இரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது, எதிர்நஞ்சு ஏற்ற வேண்டும். ஸ்கானும் வேண்டாம், பெரிய ஆய்வுகூடமும் வேண்டாம், ஒரு குழாய் போதும். ஆனால் அது கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடியும் பிழையான முடிவைத் தரும்.

எங்கள் விடுதியில் ஒரு மூத்த தாதி அக்கா இருந்தா. அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் பஞ்சு வைத்துப் புதுக் கண்ணாடிக் குழாய்களை அடுக்கி வைத்திருப்பா. ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்குவா, குறைந்தால் திரும்பக் கேட்பா. எதிர்நஞ்சு ஏற்றும்போது ஒவ்வாமை வருவது நம் நாட்டில் சாதாரணம் என்பதால் அட்ரினலினை ஊசியில் எடுத்து, பெயர் எழுதி, தட்டில் வைத்துவிட்டுத்தான் சேலைனைத் திறப்பா. இதெல்லாம் வழிகாட்டியில் உள்ளதுதான், அவ புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வழிகாட்டியைத் தேடி எடுத்துப் படிக்க யாருக்கு நேரம்? அக்காவுக்கு வருடாந்த இடமாற்றம் வந்தது. அவ போன பிறகு வந்த அருவி வெட்டில் ரின்னுக்குள் குழாய் தீர்ந்திருந்தது. புதிதாக வந்த பிள்ளை கையில் கிடைத்த பிளாஸ்டிக் குழாயில் இரத்தத்தை விட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு சிற்றூழியர்தான் "மிஸ், அந்த அக்கா கண்ணாடியிலதான் விடுறவ" என்று சொன்னார். அவர் சொல்லாவிட்டால் தேவையில்லாத ஒருவருக்கு எதிர்நஞ்சு ஏறியிருக்கும், அதன் ஒவ்வாமையும் சேர்ந்து வந்திருக்கும்.

அந்தச் சிற்றூழியர் பக்கத்துக் கிராமத்துக்காரர். இப்படிப்பட்டவர்களில் பலர் தொண்டராகத் தொடங்கியவர்கள். 2009இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக ஆஸ்பத்திரிகள் இயங்கிய நாட்களில் காயக்காரரைத் தூக்கியவர்களும், மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கூரையில்லாத கட்டடங்களைக் கூட்டித் துடைத்துத் திறந்தவர்களும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்காக வீதியில் இருந்ததை எல்லாரும் அறிவோம். கல்வித் தகைமை, வயது எல்லை என்று ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இடித்தது. டொக்டரும் தாதியும் மாறிக்கொண்டே இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில் நிலையாக நிற்பவர்கள் இவர்கள்தான். தெற்கிலிருந்து வரும் தாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் பழகும் வரை நோயாளியோடு பேச்சுத் துணையாக நிற்பவர்களும் இவர்கள்தான். இவர்களைக் கடைசியாகக் கணக்கெடுக்கிற கொள்கை பிழையான கொள்கை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கிளினிக்கில் நடப்பது வேறு மாதிரி. அங்கே சத்தமில்லாமல் கெடும். சீனியும் பிரசரும் உள்ள ஓர் அம்மா. ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வருவார். பிரசர் குளிசையில் வறட்டு இருமல் வருகிறது என்று ஒரு டொக்டர் எனலாபிரிலை நிறுத்தி லோசாட்டன் கொடுத்தார். கொப்பியில் புதுக் குளிசையின் பெயர் மட்டும்தான் இருந்தது, ஏன் மாற்றினார் என்று ஒரு வரி இல்லை. அவர் மாறிப் போனார். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தது, லோசாட்டன் இல்லை. புது டொக்டர் இருந்ததைக் கொடுத்தார், எனலாபிரில். இருமல் திரும்ப வந்தது, அதற்கு இழுப்பு மருந்து எழுதப்பட்டது. அம்மா வெறுத்துப்போய் இரண்டையும் விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் வாய் ஒரு பக்கம் இழுபட்டு, வலது கை தூக்க முடியாமல் கொண்டுவந்தார்கள். இதில் யாரும் கவனக்குறைவாக நடக்கவில்லை. ஒவ்வொரு டொக்டரும் தன் முன்னால் இருந்த கொப்பிக்கு ஏற்றபடி சரியாகத்தான் செய்தார். மருந்தை மாற்றினால் காரணத்தையும் எழுத வேண்டும் என்று ஒரு விதி கண்டிப்பாக இருந்திருந்தால் போதும்.

தாதிகளிடம் இந்தப் பழக்கம் ஓரளவு இருக்கிறது. காலை ஏழு, பகல் ஒன்று, இரவு ஏழு என்று முறை மாறும்போது கட்டில் கட்டிலாகப் போய் ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்குவோம். ஆறு அல்லது பன்னிரண்டு மணித்தியால வேலைக்கு இவ்வளவு ஒழுங்கு. ஆனால் நான்கு வருடம் ஓர் இடத்தில் இருந்தவர் இடமாற்றத்தில் போகும்போது கையளிப்பது அலுமாரித் திறப்பும் பொருட் பட்டியலும். கதிரை எத்தனை, மேசை எத்தனை என்று எண்ணிக் கையெழுத்து வைப்பார்கள். நோயாளிகளைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

இந்த நாட்டுக்கு இது தெரியாத விடயமுமில்லை. தாய்மார் விடயத்தில் எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறோம்! 1930களில் மலேரியாவும் சேர்ந்து ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்த தீவு இது. இப்போது அது 50க்கும் கீழே நிற்கிறது. குடும்பநல மாது, அதாவது அரச மருத்துவிச்சி, தன் பிரிவுக்குள்ளேயே தங்கி வேலை செய்ய வேண்டும் என்பதும், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் களத்தில் இருப்பவரையும் ஆஸ்பத்திரியில் இருப்பவரையும் ஒரே மேசையில் இருத்தி விசாரிக்க வேண்டும் என்பதும் அதற்குப் பெரிய காரணங்கள். மாதுக்கு அந்த ஊரில் எந்த வீட்டில் யார் ஏழு மாதம் என்று தெரியும். இதே கண்ணோட்டத்தைப் பாம்புக்கடிக்கும் பாரிசவாதத்துக்கும் வாரக் கடைசிக்கும் ஏன் கொண்டுவர முடியாது? சனி, ஞாயிறில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய ஒவ்வொரு நோயாளியையும் மாதத்தில் ஒரு தரம் மேசையில் வைத்து, ஏன் அனுப்பினோம், இங்கேயே பார்த்திருக்க முடியுமா என்று கேட்டால், எந்த லீவு எந்த லீவோடு சேர்ந்து விழுகிறது என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். லீவைத் தடுக்கத் தேவையில்லை. மயக்க மருந்து நிபுணர் போகிற வாரம் பக்கத்து மாவட்டத்தவர் நிற்கிறாரா என்று இரண்டு ஆஸ்பத்திரிகள் ஒன்றோடொன்று பேசினால் போதும்.

எரிபொருள் இல்லாத 2022இன் மாதங்களில் ஆஸ்பத்திரியை நடத்தியது யார் என்று யோசித்தால் என் பக்க நியாயம் புரியும். தூரத்திலிருந்து வருபவர்கள் வர வழியில்லாமல் தவித்தார்கள், வளவுக்குள்ளும் கிராமத்திலும் இருந்தவர்கள் சைக்கிளில் வந்து இரட்டை முறை செய்தார்கள். நல்ல குடியிருப்புக் கட்டுவதை ஊழியருக்குக் காட்டும் சலுகையாகக் கோப்பில் எழுதுகிறார்கள். அதை நோயாளிக்கான செலவாக எழுத வேண்டும். கட்டில் வாங்குவது, எக்ஸ்ரே வாங்குவது எந்தப் பிரிவில் வருகிறதோ அந்தப் பிரிவில்.

1951இலிருந்து இந்த நாட்டில் அரச வைத்தியம் இலவசம். வன்னிச் சனம் அதை முழுசாக நம்பித்தான் வருகிறது. ஆனால் கேற்றடியில் காவலாளியிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "டொக்டர் நிக்கிறாரோ?" இல்லை என்று தெரிந்தால் சிலர் திரும்பி விஷகடிப் பரியாரியாரிடம் போவார்கள். கடித்தது கட்டு விரியன் என்றால் அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. நோ பெரிதாக இராது, வீக்கமும் இராது, குழாயில் இரத்தமும் நன்றாகவே உறையும். விடியும்போது கண் இமை விழுந்துவிடும், பிறகு மூச்சு. அவர்களைப் பரியாரியாரிடம் போனதற்காக ஏச எனக்கு வாய் வராது. போன தரம் சனிக்கிழமை வந்தபோது நாங்கள் என்ன சொன்னோம் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

அடுத்த வருடாந்த இடமாற்றப் பட்டியல் வர முன்பு மாகாணத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் ஒன்றைச் செய்யலாம். புதியவர் வந்து சேரும் வரை பழையவரை விடுவிக்காமல், இரண்டு பேரும் இரண்டு கிழமை ஒரே விடுதியில், ஒரே கிளினிக்கில் சேர்ந்து வேலை செய்யட்டும். சம்பளத்தில் மேலதிகமாக வருவது அந்த இரண்டு கிழமைதான். அதற்குள் எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துவராது, கண்ணாடிக் குழாய் எங்கே இருக்கும், இரவில் தியேட்டர் ஜெனரேட்டரை யாருக்குப் போட வரும், எந்தக் கிராமத்துக்கு மழைக்குப் பிறகு வண்டி போகாது என்பதையெல்லாம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். அந்தக் கொப்பி விடுதியில் இருக்கட்டும்.