கேள்வி இங்கே, கேட்டவர் எங்கே?

இணையத்தில் கணினி உதவிக் குழுமம் ஒன்றில் மாலை நேரங்களில் உட்கார்ந்து பதில் எழுதுவது என் பொழுதுபோக்கு. காசு பெயராது. வீட்டில் இதற்கு ‘வெட்டி வேலை’ என்று பெயர். அந்தப் பெயரோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. என் சண்டையெல்லாம் கேள்வியைப் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களோடுதான்.

அவர்களைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தலைப்பில் ‘அவசரம்’ இருக்கும், பக்கத்தில் ஆச்சரியக்குறிகள் வரிசை கட்டி நிற்கும். என்ன கணினி, என்ன மென்பொருள், எதைச் செய்தபோது என்ன ஆனது என்று ஒரு விவரமும் இருக்காது. ‘வேலை செய்யவில்லை, உடனே உதவுங்கள்’ என்பதுதான் மொத்த வாக்குமூலம். அவருடைய உறுப்பினர் பக்கத்தைத் திறந்தால், சேர்ந்த தேதி இன்று. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கடைசியாக வந்த தேதியும் அதே நாள்தான். ஜனனமும் மரணமும் ஒரே நாளில்.

ஒருவர் இப்படித்தான் வந்தார். லேப்டாப் திரை திடீரென்று தலைகீழாகத் திரும்பிவிட்டதாம். குழுமத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை, ஏனென்றால் இதற்கு விடை எங்கள் எல்லாருக்குமே தெரியும். பழைய இன்டெல் கிராபிக்ஸ் உள்ள பல விண்டோஸ் கணினிகளில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டினால் திரை கவிழ்ந்துவிடும், மேல் அம்புக்குறியைத் தட்டினால் நிமிர்ந்துவிடும். கீபோர்டைத் துணியால் துடைக்கும்போதுகூட இது நடக்கும். ஒருவர் இதைச் சொன்னார். அடுத்தவர் அதையே இன்னும் நீளமாகச் சொன்னார். மூன்றாமவர் படம் போட்டு விளக்கினார். இன்னொருவர் வழக்கம்போல ‘விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸுக்கு மாறிவிடுங்கள்’ என்றார். (அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அதேதான்.)

கேட்டவரைக் காணோம். ‘சரியாயிற்றா?’ என்று கேட்டுப் பார்த்தோம். சத்தமே இல்லை. ‘நம் பதிலையும் தலைகீழாகப் படித்துவிட்டு, கீழ் அம்பையே தட்டிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ’ என்று ஒருவர் கவலைப்பட்டார். அப்புறம் அந்தத் திரி (ஒரு கேள்வியும் அதன் கீழே வரிசையாக வரும் பதில்களும் சேர்ந்தது) அவரை மறந்தே போனது. மானிட்டரையே கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் கழுத்துக்கு என்ன ஆகும் என்கிற ஆராய்ச்சியில் இறங்கி, குழுமத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் வந்து, இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டுப் போடும்வரை ஓடியது.

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். அந்தப் பழமொழியிலாவது ஆள் ஆற்றைக் கடந்துவிட்டான் என்பது தெரிகிறது. எங்கள் கதையில் கரையேறினானா, நடு ஆற்றில் நிற்கிறானா என்பதே தெரியாது.

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 1980-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்கள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்கள் முதல்முறையாக இணைப்புக் கிடைத்த ஜோரில் உள்ளே வந்து, போன வருடம் கேட்ட அதே கேள்விகளைக் கேட்பார்கள். பழையவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். கொஞ்ச நாளில் சிலர் பழகிக்கொள்வார்கள், மற்றவர்கள் கழன்றுகொள்வார்கள். 1993, 94 வாக்கில் வீடுகளுக்கு இணைப்புத் தரும் நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர்களுக்கும் யூஸ்நெட்டைத் திறந்துவிட்டன. புதுமுகங்கள் வருடம் முழுக்க வர ஆரம்பித்தார்கள். நொந்துபோன பழையவர்கள் அதற்கு ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைய தேதியை 1993 செப்டம்பரின் இத்தனையாயிரமாவது நாள் என்று காட்டுகிற குட்டி நிரல்கூட (கம்ப்யூட்டர் புரோகிராம்) ஒன்று உண்டு. என்ன ஒரு வயிற்றெரிச்சல் பாருங்கள்.

சரி, ஏன்தான் திரும்பி வருவதில்லை? சிலருக்குக் கேள்வியை எழுதும்போதே விடை கிடைத்துவிடுகிறது. நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு, ஓடாத நிரலை வரி வரியாக அதற்கு விளக்குவார்கள். சொல்லிக்கொண்டே வரும்போது தப்பு எங்கே என்று சொல்கிறவருக்கே பளிச்சென்று தெரிந்துவிடும். பல சமயம் எங்கள் குழுமம்தான் அந்த வாத்து. வாத்துக்கு யார் நன்றி சொல்லப்போகிறார்கள்?

வேறு சிலர் ஒரே கேள்வியை நாலைந்து இடத்தில் தூவிவிட்டு, முதலில் முளைத்த இடத்தோடு போய்விடுகிறார்கள். கடவுச்சொல்லை மறந்தவர்களும் இருப்பார்கள். ஒரே ஒரு கேள்விக்காகப் பெயர், மின்னஞ்சல், பிறந்த தேதி எல்லாம் கொடுத்துக் கணக்குத் தொடங்கியவர் அதை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ‘உங்களுக்குப் பதில் வந்திருக்கிறது’ என்று போகிற அஞ்சல் அவருடைய ஸ்பேம் பெட்டியில் படுத்துத் தூங்கும்.

வெட்கத்தில் வராதவர்கள் தனி ரகம். கம்ப்யூட்டர் உயிரே இல்லாமல் கிடக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பார். மதர்போர்டு, பவர் சப்ளை என்று நாங்களும் அறுவை சிகிச்சைக்கே தயாராகிவிடுவோம். கடைசியாக யாராவது ‘பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆனில் இருக்கிறதா பாருங்கள்’ என்று எழுதுவார். அதோடு திரி முடிந்தது. அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. அந்த மௌனத்துக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும், யாரும் தோண்ட மாட்டோம்.

எங்கள் ஆட்களின் வரவேற்பையும் சொல்லியாக வேண்டும். புதிதாக ஒருவர் கேள்வியோடு வாசலில் நிற்பார். ‘கேட்கும் முன் தேடிப் பார்த்தீர்களா?’ என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். அவரும் பாவம், கூகுளில் தேடுவார். முதலில் வந்து நிற்பது எங்கள் குழுமத்தின் பழைய திரி. ஆவலோடு திறந்தால் அதில் ஒரே ஒரு பதில்: ‘கேட்கும் முன் தேடிப் பார்த்தீர்களா?’ இதற்குப் பிறகும் அவர் திரும்பி வந்தால்தான் ஆச்சரியம். முதல் பதிவுக்குப் பதில் கிடைத்த புதியவர்கள் மறுபடி எழுத வாய்ப்பு அதிகம் என்று யூஸ்நெட் குழுக்களை வைத்து ஆய்வே செய்திருக்கிறார்கள். இதை எங்கள் மட்டுறுத்துநருக்குச் சொன்னேன். ‘இதற்கு ஏற்கனவே ஒரு திரி இருக்கிறது’ என்றார்.

காணாமல் போகிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம். திரும்பி வந்து, ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது? எப்படிச் சரியானது? யார் சொன்னதில் சரியானது? ஒன்றும் கிடையாது. ஜேக்கப் நீல்சன் என்கிற இணைய ஆய்வாளர் 2006-ல் ஒரு கணக்கு எழுதினார். இத்தகைய இடங்களில் 100 பேரில் 90 பேர் வாசிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், மீதி ஒருவர்தான் பெரும்பாலானதை எழுதித் தள்ளுவார். அந்த 90 பேரும் பிறகு அதே கோளாறோடு அந்தத் திரிக்கு வந்து, கடைசி வரி வரை இறங்கி, ‘சரியாகிவிட்டது’ என்பதில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் ஒருவர் பொறுக்க முடியாமல் கணக்குத் தொடங்கி, ‘எனக்கும் இதே பிரச்சினை, எப்படிச் சரிசெய்தீர்கள்?’ என்று கேட்பார். அப்புறம் அவரும் வர மாட்டார்.

என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொரு திரி. ஒருவருடைய லேப்டாப் அவர் வேலை செய்யும்போது மட்டும் திடீர் திடீரென்று தூங்கிவிடும். அதே லேப்டாப்பில் மனைவி தட்டினால் ஒன்றும் ஆகாது, மகன் விளையாடினாலும் ஒன்றும் ஆகாது. ‘என்னை மட்டும் இதற்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். பேட்டரி என்றோம், சூடு என்றோம், டிரைவர் என்றோம். லினக்ஸ்காரர் லினக்ஸ் என்றார். அப்போது, எப்போதாவது தலைகாட்டும் ஒருவர் வந்து ஒரே வரி கேட்டார்: ‘கையில் காந்தப் பட்டை வைத்த கடிகாரம் கட்டுகிறீர்களா?’

அப்படியே அசந்துபோனோம். பல லேப்டாப்களில் மூடிக்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கும், கீழே அதை உணர்கிற சென்சார் இருக்கும். மூடியை மூடினால் கணினி தூங்கப் போவது அப்படித்தான். மணிக்கட்டில் காந்தத்தோடு அந்த இடத்தில் கையை வைத்தால், மூடிவிட்டார்கள் போல என்று அது கண்ணை மூடிக்கொள்ளும். மனைவிக்கும் மகனுக்கும் ஆகாதது இவருக்கு ஏன் ஆனது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் இருக்க முடியாது. இனி அவர் வந்து ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

வரவில்லை. இரவில் விளக்கை அணைத்த பிறகும் அந்தக் கடிகாரம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ப்ளூமா ஜைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் மனதில் அதிகம் தங்குகிறது என்பது அவர் கண்டது. பிறகு செய்து பார்த்தவர்களுக்கெல்லாம் அதே முடிவு கிடைக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் எங்கள் குழுமத்துக்கு வந்திருக்க வேண்டும். கேட்டவருக்கு லேப்டாப் ஓடியதுமே வேலை முடிந்தது, எங்களை மறந்துவிட்டார். எங்களுக்குத்தான் முடியவில்லை.

போன வாரம் அவரே வந்தார். அதே பெயர், அதே படம். ‘வணக்கம் நண்பர்களே, முன்பு நீங்கள் செய்த உதவியை மறக்கவே முடியாது. இப்போது பிரிண்டர் மக்கர் செய்கிறது. அவசரம்!!!’ என்று எழுதியிருந்தார். பிரிண்டரைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. ‘கடிகாரம்தானே?’ என்றார் ஒருவர். ‘கழற்றிப் பார்த்தீர்களா சார்?’ என்றார் இன்னொருவர். நான் சென்சார் இருக்கும் இடத்தைப் படம் வரைந்தே போட்டேன். தலைப்பை விட்டு விலகினால் பூட்டுப் போடுகிற மட்டுறுத்துநரே, ‘பிரிண்டர் இருக்கட்டும், முதலில் அதைச் சொல்லுங்கள்’ என்றார்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

‘எந்தக் கடிகாரம்?’