உரிந்துபோன நிக்கல்

காரைக்குடியில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, எஃகுத் தகட்டில் நான் போட்ட நிக்கல் முலாம் மூன்று வாரமாக உரிந்துகொண்டே வந்தது. படித்த கட்டுரைகளில் விடை இல்லை. டீக்கடையில் பக்கத்து ஆய்வகத்து அண்ணன் கேட்டார்: “அமிலத்துல முக்கினப்புறம் காய விடுறியா தம்பி?” ஆமாம். காய்ந்தால் ஆக்சைடு படிந்துவிடும், கழுவிய ஈரத்தோடு தொட்டியில் இறக்கணும் என்றார். மறுநாள் முலாம் பிடித்துக்கொண்டது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-ல் இங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. சுற்றிலும் கல்லூரிகள். அந்த நெருக்கம்தான் எனக்கு விடை தந்தது. அமெரிக்கக் காப்புரிமைகளை ஆராய்ந்த ஜாஃபே, ட்ராஜ்டென்பெர்க், ஹெண்டர்சன் மூவரும் 1993-லேயே இதைக் காட்டினார்கள்: ஒரு கண்டுபிடிப்பை அதே வட்டாரத்துக்காரர்கள்தான் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக மேற்கோள் காட்டுகிறார்கள். ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யக் கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றும் பக்குவமும் பட்டறை விட்டுப் பட்டறை இப்படித்தானே போகிறது!

சரி, டீக்கடைக்கு வர முடியாத தூரத்து மாணவர்கள்? அந்த மூன்று வாரத்தை அவர்களும் இழக்கக் கூடாது. அதனால் உரிந்த தகடுகளின் படங்களையும் காரணத்தையும் எழுதிவைத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்புகிறேன்.