முளைப்புத்திறன் 86

விதைப் பரிசோதனை நிலையத்தில் ஒப்பந்தப் பணியாளராக இருக்கிறேன். 2024 ஜூனில் டெல்டாவில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். வழக்கமாகப் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் ஜூன் 12 வந்து போய்விட்டது, மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் தேதி தவறாமல் திறந்தும் அக்டோபர் 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். கடைமடையில் பயிர் காய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள், அந்தப் பயம் மனசை விட்டுப் போகவில்லை. எனக்கோ கூடுதலாக இன்னொரு கவலை, ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மஞ்சள் பையில் சி.ஆர். 1009 ரக விதைநெல் கொண்டுவந்தார். போன சம்பாவில் எடுத்து ஒதுக்கி வைத்ததாம்.

"ஆத்துல தண்ணியே இல்லையே ஐயா, இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தண்ணி வர்றப்ப வரட்டும்மா. வந்தப்புறம் விதைக்கு ஓட முடியுமா? முளைக்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

400 மணிகளை நூறு நூறாக எண்ணி, ஈர முளைப்புத் தாளில் வரிசையாக அடுக்கி, சுருட்டி, முளைப்பு அறையில் நிறுத்தினேன். 5ஆம் நாள் முதல் எண்ணிக்கை, 14ஆம் நாள் கடைசி எண்ணிக்கை, 80 சதவீதமாவது முளைத்தால்தான் நெல் விதை தேறும்.

5ஆம் நாள் சுருளைப் பிரித்தபோது மழை பெய்து ஓய்ந்த வயல் வாசனை அடித்தது. வெள்ளை வேர்கள் தாளைப் பற்றிக்கொண்டிருந்தன, மேலே ஊசி முனை மாதிரி பச்சை. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, இது நல்ல நாற்று, இதற்கு வேர் இல்லை, இது அழுகல் என்று பிரித்துக்கொண்டே போனதில், வேலை முடிந்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது, அவ்வளவு நேரம் மேட்டூர் நினைப்பும் வரவில்லை, ஒப்பந்த நினைப்பும் வரவில்லை. கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், அது எதுவும் எனக்கு இந்த அளவுக்கு ஆறுதல் தந்ததில்லை. அன்று ராத்திரி தூங்கினேன்.

கடைசிக் கணக்கு 86 சதவீதம். போனில் சொன்னேன்.

"அப்ப பதினாலு போச்சா?"

"மூணுக்கு வேர் சரியில்லை, பதினொண்ணு அழுகிடுச்சு ஐயா."

"சரி, கொஞ்சம் கூடப் போட்டு விட்டுக்கிறேன்."

ஜூலையில் கர்நாடகத்தில் மழை கொட்டித் தீர்த்தது. 28ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள், 30ஆம் தேதி அணை நிரம்பி 120 அடியைத் தொட்டுவிட்டது. ஆவணி பிறந்தபின் பெரியவரே கூப்பிட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம், விதையை ஊறவைத்து, முளைகட்ட மூட்டம் போட்டாயிற்றாம். குரலில் அப்படி ஒரு வேகம்.

எனக்கு ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டித்தார்கள். அந்த வாரம் மேஜையில் பதினேழு மாதிரிகள் காத்திருந்தன. முதல் பையைப் பிரித்து எண்ண ஆரம்பித்தேன்.