முன்தேதியிட்டு வந்த மின்னஞ்சல்

2018 ஜூலை 20, வெள்ளிக்கிழமை இரவு. கம்பத்திலிருந்து மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். திருத்தப்பட்ட ஊக்கத்தொகைத் திட்டம், ஏப்ரல் 1 முதல் அமலாகிறது என்றிருந்தது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத வேலையும் முடிந்து, கணக்கும் அனுப்பியாகிவிட்டது. முடிந்த வேலைக்கு இப்போது புதிதாக விலை வைக்கிறார்கள் என்பது உறைக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. தேனி, போடி, உசிலம்பட்டி, கம்பம் என் பகுதி. பழைய திட்டப்படி, காலாண்டு டார்கெட்டை முழுதாக எட்டினால் 12,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 600 ரூபாய். நான் 112 சதவீதம் செய்திருந்தேன். வர வேண்டியது 19,200. புதிய கணக்கில் வந்தது 4,100.

மாற்றம் இதுதான். முன்பு நிறுவனத்திலிருந்து ஸ்டாக்கிஸ்ட் எனும் மொத்த வியாபாரிக்குப் போகும் சரக்கை, அதாவது பிரைமரியைக் கணக்கில் எடுத்தார்கள். இனி ஸ்டாக்கிஸ்டிடமிருந்து மருந்துக் கடைக்குப் போகும் செகண்டரி விற்பனைதான் கணக்கு. காலாவதியாகித் திரும்பும் சரக்கையும் அதில் கழிப்பார்கள். இந்த மாற்றத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். காலாண்டு முடிகிற வாரத்தில் ஸ்டாக்கிஸ்ட் தலையில் சரக்கைக் கட்டிவிட்டு டார்கெட்டைக் காட்டுகிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அதை நிறுத்த நிறுவனம் நினைப்பது சரி. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் நானும் ஸ்டாக்கிஸ்ட் கடையில் செலவிட்ட நேரத்தை மருந்துக் கடைகளில் செலவிட்டிருப்பேன்.

மறுநாள் காலை, தினசரி அறிக்கை அனுப்பும் செயலி திறக்கவில்லை. ‘புதிய திட்டத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் உள்ளே போக முடியும். அறிக்கை போகாவிட்டால் அன்று விடுப்பு. ஏரியா மேனேஜரைக் கூப்பிட்டேன். “எல்லாரும் அழுத்திவிட்டார்கள், நீங்களும் அழுத்துங்கள்” என்றார். பிறகு எங்கள் சங்கத்தில் மூத்தவரான ஒரு அண்ணனிடம் பேசினேன். “தம்பி, அழுத்துவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் போடு. அறிக்கை அனுப்புவதற்காக மட்டும் அழுத்துகிறேன், திட்டத்தை ஏற்கவில்லை, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான தொகையைப் பழைய கணக்குப்படி கேட்கிறேன் என்று மூன்றே வரி எழுது” என்றார். காலை 8.10க்கு அனுப்பிவிட்டு, 8.15க்குப் பொத்தானை அழுத்தினேன். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த ஐந்து நிமிட இடைவெளிதான்.

அண்ணன் அடுத்துச் சொன்னது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நான் தனியாகத் தொழிலாளர் துறைக்குப் போய்ச் சம்பளப் பிரச்சினையைத் தொழில் தகராறாக எழுப்ப முடியாதாம். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில், தனியாளாகத் தகராறு எழுப்பும் வழி வேலைநீக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவற்றுக்குச் சங்கமோ சக ஊழியர்களோ சேர்ந்து நிற்க வேண்டியிருந்தது. மதுரை மண்டலத்தில் எங்கள் நிறுவனத்துக்கு இருந்த பதினொரு பேரில் ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். நான்கு பேருக்கு இடமாற்றப் பயம். குழந்தையைப் பள்ளியில் சேர்த்த கையோடு நாக்பூருக்கு மாற்றினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை.

ஆகஸ்டில் சங்கத்தின் மூலம் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்தோம். முதல் அமர்வுக்கு நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. இரண்டாவதுக்குச் சென்னையிலிருந்து மனிதவள அதிகாரி ஒருவர் வந்தார். அவர் வைத்த வாதங்கள் மூன்று.

விற்பனைப் பிரதிநிதிகள் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி தொழிலாளர்களே அல்ல என்பது முதலாவது. 1994இல் சாண்டோஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் எங்களுக்கென்றே 1976இல் வந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் அப்போது இருந்தது. அதன் 6ஆவது பிரிவு, தொழில் தகராறுகள் சட்டம் எங்களுக்கும் பொருந்தும் என்றது. எங்கள் நியமனக் கடிதமே அந்த 1976 சட்டம் சொன்ன படிவம் அ வடிவில்தான் இருந்தது. நகலை மேசையில் வைத்ததும் அந்தப் பேச்சு அடங்கியது.

ஊக்கத்தொகை என்பது சம்பளம் அல்ல, ஒருவகை போனஸ் என்பது இரண்டாவது. இதற்குத்தான் அதிக நேரம் போனது. தொழில் தகராறுகள் சட்டம் ஊதியத்துக்குத் தந்த விளக்கத்தில், விற்பனை மேம்பாட்டுக்காகத் தர வேண்டிய கமிஷன் சேர்ந்திருந்தது, போனஸ் சேரவில்லை. அதனால் அந்தத் தொகையை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்பதே பாதி வழக்காகிவிட்டது. எங்கள் பக்கம் இருந்தவை நான்கு ஆண்டுச் சம்பளச் சீட்டுகள். ஒவ்வொரு காலாண்டும் விற்பனைச் சதவீதத்தோடு கட்டிய ஒரே சூத்திரத்தில், தவறாமல் பணம் வந்திருந்தது. மனம் இரங்கிக் கொடுக்கும் பரிசுக்குச் சூத்திரம் எதற்கு என்று அண்ணன் கேட்டார். எங்களில் மிக இளையவருக்குச் சம்பளம் 21,000 ரூபாய்க்குக் கீழே. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதப் போனஸ் அவருக்கு ஏற்கெனவே தனியாக வந்துகொண்டிருந்தது. போனஸ் அங்கே இருக்கிறது என்றால் இது வேறு ஏதோ ஒன்று என்பதற்கு அவருடைய சீட்டே சாட்சி.

மூன்றாவது வாதம்தான் என்னைக் கலங்கடித்தது. திட்டம் ‘நிர்வாகத்தின் விருப்பத்திற்கு உட்பட்டது’ என்று நியமனக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. வேலையில் சேர்ந்த நாளில் நான் அதைப் படிக்கவே இல்லை. அந்த வரியை வைத்து இனி வரும் காலாண்டை வேண்டுமானால் மாற்றலாம், முடிந்துபோன காலாண்டை மாற்ற முடியாது என்பது எங்கள் பதில். இனிமேல் மாற்றுவதற்கும், ஊதியத்தைத் தொடும் மாற்றம் என்றால் தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு 9அ-வின்படி முறையான முன்னறிவிப்பு கொடுத்து 21 நாள் பொறுத்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு மின்னஞ்சலும் ஒரு பொத்தானும் மட்டுமே. எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று மனிதவள அதிகாரி செயலியின் பதிவைக் காட்டினார். நான் 8.10 மணி மின்னஞ்சலை எடுத்துக் கொடுத்தேன்.

சமரச அதிகாரி நீதிபதி அல்ல, உத்தரவிடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அன்றைய சட்டப்படி, பேச்சு முறிந்தால் அவர் அரசுக்கு அறிக்கை அனுப்புவார், அரசு வழக்கைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், ஆண்டுகள் ஓடும். அதே சட்டத்தின் பிரிவு 33இ(2)-இன் கீழ் நிலுவைத் தொகையை நேராக நீதிமன்றத்தில் கேட்கும் வழியும் இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே உறுதியான உரிமையைக் கணக்கிட்டு வாங்குவதற்குத்தான். உரிமையே தகராறில் இருந்தால் மனு நிற்பது கடினம். இதையெல்லாம் அறிந்த பிறகுதான் உடன்பாட்டுக்கு இறங்கினோம்.

2019 பிப்ரவரியில் 12(3) ஒப்பந்தம், அதாவது அந்தச் சட்டத்தின் பிரிவு 12(3)-இன் கீழ் சமரசப் பேச்சில் எட்டிய உடன்பாடு, கையெழுத்தானது. ஏப்ரல் முதல் ஜூன் வரை முழுவதும் பழைய கணக்கு. ஜூலை முதல் செப்டம்பர் வரை 12,000 உண்டு, கூடுதல் சதவீதத்துக்கு எதுவும் இல்லை. அக்டோபரிலிருந்து புதிய திட்டம். ஆனால் ஒரு பிரதிநிதி தன் பகுதிக்கு வருவதற்கு முன்பு இறக்கிய சரக்கு காலாவதியானால் அவர் கணக்கில் கழிக்கக் கூடாது. நடுவில் உள்ள காலாண்டில் விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மார்ச் சம்பளத்தோடு ஏப்ரல்–ஜூன் பாக்கி 15,100 ரூபாய் வந்தது, வரிப் பிடித்தம் போக.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. அதன் 40ஆவது பிரிவிலும் அதே 21 நாள் முன்னறிவிப்பு இருக்கிறது. தொழிலாளர் என்ற விளக்கத்தில் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களும் நேரடியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

ஏழு பேர் கையெழுத்திட்டோம் என்றேன். பணம் வாங்கியது ஆறு பேர். ஏழாமவர் செப்டம்பரில் வேலையை விட்டார். கடைசிக் கணக்கை முடிக்கும்போது, இனி எந்த நிலுவையும் இல்லை என்ற தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். வீட்டு வாடகைக்கு அந்தப் பணம் உடனே தேவைப்பட்டதால் போட்டுவிட்டார். ஒப்பந்தத்தில் அவர் பெயரைச் சேர்க்க எவ்வளவோ வாதாடினோம். அந்தத் தாளைக் காட்டி மறுத்துவிட்டார்கள். சென்ற ஆண்டு வேறொரு நிறுவனத்தில் சேரும் முன், நியமனக் கடிதத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் படித்துப் பார்க்கச் சொன்னார். மூன்று வரிகளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். நான் நான்காவது ஒன்றைச் சேர்த்து, திருப்பி அனுப்பினேன்.