ஏ2 இலிருந்து முழு அனுமதி வரை: இருபத்தொரு வயதில் பெற விரும்புவோருக்கு

சென்ற வாரம் மொட் 2 இல், அதாவது பிரித்தானிய மோட்டார் சைக்கிள் செயல்முறைப் பரீட்சையின் வீதியில் நடக்கும் இரண்டாம் பகுதியில், சித்தியடைந்தேன். சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த வயதான இருபத்தொன்றிலேயே ஏ வகுப்பு முழு மோட்டார் சைக்கிள் அனுமதி கைக்கு வந்துவிட்டது. என்னோடு ஓடத் தொடங்கிய நண்பர்கள் சிலர் இன்னமும் ஏ2 இலேயே, அதாவது பத்தொன்பது வயதிலிருந்து கிடைக்கும் சக்தி வரம்புடைய அனுமதியிலேயே, நிற்கிறார்கள். அவர்களில் சிலர் என்னைவிட நன்றாக ஓடக்கூடியவர்கள். நாட்காட்டியைப் பார்க்காமல் இருந்ததுதான் அவர்களைப் பின்தள்ளியது. எனவே இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களில் இப்பரீட்சைக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கையருக்காக, சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவைக்கிறேன். சி.பி.ரி. என்பது வீதியில் ஓடிப் பழகுமுன் கட்டாயமாகச் செய்யும் அடிப்படைப் பயிற்சி, மொட் 1 என்பது மூடிய திடலில் நடக்கும் செயல்முறைப் பரீட்சையின் முதற்பகுதி என்பவையெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்தவையே.

எல்லாவற்றுக்கும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்: ஏ2 அனுமதியை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தால் இருபத்தொரு வயதிலிருந்து ஏ பரீட்சைக்குப் போகலாம், இல்லாவிட்டால் இருபத்துநான்கு வயது வரை காத்திருந்து நேரடியாகப் போகலாம். அந்த இரண்டு ஆண்டுகளை எந்தப் பயிற்சியாலும், எவ்வளவு பணத்தாலும், எத்தனை மைல் ஓடியும் குறைக்க முடியாது. முழு அனுமதியை முந்திப் பெற விரும்புபவர் செய்யக்கூடியது ஒன்றே: கடிகாரம் முந்தி ஓடத் தொடங்கும்படி பார்த்துக்கொள்வது. அது ஓடத் தொடங்குவது ஏ2 க்கான மொட் 2 இல் சித்தியடையும் நாளில்தான். எழுத்துப் பரீட்சையிலோ மொட் 1 இலோ சித்தியடைந்த நாளுக்கும், மோட்டார் சைக்கிள் வாங்கிய நாளுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் மனக்கசப்பைத் தருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. 2013 ஜனவரி 19 க்கு முன்னர் இருபத்தொரு வயதானவர் நேரடியாகவே பெரிய மோட்டார் சைக்கிளில் பரீட்சை செய்யலாம். அதற்கு இளையவர், 25 கிலோவாட் வரம்புடைய அனுமதியை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தால், மறுபரீட்சை எதுவுமின்றி அவருடைய வரம்பு தானாகவே நீங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மூன்றாவது சாரதி அனுமதிப் பணிப்பு நடைமுறைக்கு வந்தபோது இவை இரண்டும் போயின. அந்தப் பணிப்போ, இரண்டு ஆண்டுகள் முடிந்தபின் செயல்முறைப் பரீட்சை ஒன்றையோ குறைந்தது ஏழு மணி நேரப் பயிற்சியையோ நாடுகள் தெரிவுசெய்யலாம் என்று இடம் விட்டிருந்தது. பிரான்ஸ் ஏழு மணி நேரப் பயிற்சியைத் தெரிவுசெய்தது. பாரிஸில் வாழும் என் மச்சான் ஒரே நாளில் பயிற்சியை முடித்துச் சான்றிதழோடு வீடு திரும்பினார். பிரித்தானியா பரீட்சையைத் தெரிவுசெய்தது. ஆகவே இங்கே மொட் 1, மொட் 2 இரண்டையும், முதல்முறை போலவே கட்டணம் கட்டி, மறுபடியும் செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்துப் பரீட்சையும் சி.பி.ரி. யும் மட்டும் மீண்டும் தேவையில்லை.

இனி வயதுக் கணக்கு.

பதினேழு வயதென்றால் சி.பி.ரி. செய்து எல் பலகையோடு 125 சி.சி. வண்டி ஓடுங்கள். அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகள் செல்லும். பத்தொன்பது வரை உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 125 சி.சி. வண்டிக்கான ஏ1 பரீட்சை எடுத்தால் எல் பலகையைக் கழற்றலாம், பின்னால் ஒருவரை ஏற்றலாம், மோட்டார் வீதியில் போகலாம். ஆனால் முழு அனுமதியை அது ஒரு நாள்கூட முன்னே கொண்டுவராது. அந்தப் பணத்தை ஏ2 பயிற்சிக்கு வைத்திருப்பதே மேல் என்பது என் கருத்து.

பதினெட்டு முடியும்போது எழுத்துப் பரீட்சையை முடித்துவிடுங்கள். சித்தியடைய ஐம்பதில் நாற்பத்துமூன்று, அபாயம் உணர்தலில் எழுபத்தைந்தில் நாற்பத்துநான்கு. சான்றிதழ் இரண்டு ஆண்டுகள் செல்லுபடியாகும் என்பதால் முந்திச் செய்வதால் நட்டமில்லை.

பத்தொன்பதாவது பிறந்தநாளை அடுத்த வாரங்களில் மொட் 1, மொட் 2 இரண்டும் பதிவாகியிருக்க வேண்டும். பிறந்தநாள் கழிந்தபின் பயிற்சிப் பாடசாலையைத் தேடத் தொடங்குபவர் கோடைகாலம் ஒன்றை இழந்துவிடுவார்.

இருபத்திரண்டு வயது கடந்தபின்பே ஏ2 எடுக்க எண்ணுபவர் நிதானமாக யோசிக்க வேண்டும். இருபத்திரண்டரை வயதில் ஏ2 கிடைத்தால் இரண்டு ஆண்டு வழி இருபத்துநான்கரையில் முடியும். நேரடி வழியோ இருபத்துநான்கிலேயே திறந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஓடுவதற்காக ஏ2 எடுப்பது நியாயமே. முழு அனுமதியை முந்திப் பெறலாம் என்ற எண்ணத்தோடு எடுப்பது வீண் செலவு.

அடுத்து, ஏ2 காலத்துக்கு எந்த மோட்டார் சைக்கிளை வாங்குவது? வரம்பு 35 கிலோவாட். எடையோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு 0.2 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. கூடிய சக்தியுள்ளதைக் குறைத்து ஓடுவதானால் அதன் மூல சக்தி 70 கிலோவாட்டுக்கு மேற்பட்டிருக்கக் கூடாது. நான் யமஹா எம்.ரி. 07 ஐ 35 கிலோவாட்டுக்குக் குறைத்து ஓடினேன். 400 அல்லது 500 சி.சி. வகையொன்றை வாங்குவது மலிவு, காப்புறுதியும் குறையும் என்று பலர் சொன்னார்கள், அது உண்மையே. ஆயினும் இரண்டு ஆண்டுகள் முழுவதும் பெரிய வண்டியின் எடையோடும் நீளத்தோடும் பழகியதுதான் இரண்டாவது மொட் 1 இல் என் மனம் பதறாமல் இருந்ததற்குக் காரணம் என்று நம்புகிறேன். ஏ பரீட்சைக்குரிய வண்டி குறைந்தது 595 சி.சி., 50 கிலோவாட், 175 கிலோ எடை உடையதாக இருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. உங்கள் சொந்த வண்டியின் சக்தியைக் குறைத்துவைத்திருக்கும் தடையை அகற்றினால் அதைத் தனியாக ஓட்டிப் பரீட்சை நிலையத்துக்குப் போக உங்களுக்கு அனுமதியில்லை. தகுதிபெற்ற பயிற்றுநர் வானொலித் தொடர்பில் கூட வர வேண்டும். ஆகவே பயிற்சிப் பாடசாலையின் வண்டியில் பரீட்சைக்குப் போவதே பெரும்பாலானோருக்கு ஒத்துவரும். கிளட்ச் பிடி இல்லாத வண்டியில் பரீட்சை செய்தால் தானியங்கிக்கு மட்டுமான அனுமதியே கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மின்சார வண்டியைக் காட்டி ஆசை ஊட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். அது பின் பிரேக்.

யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் மாமாவின் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளில் ஓடப் பழகியவன் நான். அந்த வண்டியில் கிளட்ச் பிடி இல்லை. காலால் கியரை மாற்றிக் கைப்பிடியைத் திருகினால் போய்விடும். அதனால் மெதுவாக ஓடும்போது இடக்கை செய்ய வேண்டிய வேலை எனக்கு இயல்பாக வரவில்லை. இங்கே வந்தபின் பயிற்றுநர் ஒருவர், வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில், வேறெதையும் தொடவிடாமல் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வித்தார்: கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் கையை நிறுத்து, எஞ்சினின் சுற்றைச் சற்றே உயர்த்தி ஒரே அளவில் வைத்திரு, வேகத்தை வலது காலால் மட்டும் குறை. எஞ்சின் முன்னே தள்ள, பின் பிரேக் மெல்லப் பிடித்து இழுக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி கயிற்றில் கட்டியதுபோல் அசையாமல் நிமிர்ந்து நிற்கும். வலக்கையால் அக்ஸிலரேற்றரைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தைச் சரிசெய்யப் பார்ப்பவர்களின் வண்டி ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு ஆடும். அந்த ஆட்டத்தில்தான் கால் தரையைத் தொடுகிறது. முன் பிரேக்கை, கைப்பிடி திரும்பியிருக்கும் நேரத்தில் தொட்டால் இருநூறு கிலோ வண்டி அந்தப் பக்கமே சாயும்.

கோன்களுக்கிடையே வளைந்து போவது, எட்டு ஓடுவது, மெதுவாக ஓடுவது, யூ திருப்பம் ஆகிய நான்குக்கும் இந்த ஒரே பழக்கம் போதும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். வேறு எதற்கும் நேரமில்லை என்றாலும் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஏ2 கிடைத்த பிறகு அன்றாடம் ஓடும்போது, லண்டன் நெரிசலில் காலைத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போகாமல், பின் பிரேக்கைப் பிடித்தபடி நடைவேகத்தில் போகப் பழகினால், இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் மொட் 1 க்குத் தனிப் பயிற்சி அதிகம் தேவைப்படாது.

யூ திருப்பத்தில் இன்னும் ஒன்று. திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலால் பின்னால் பார்ப்பதை அங்கே வாகனம் எதுவும் வராது என்ற நினைப்பில் விட்டுவிடாதீர்கள்; நன்றாகத் திரும்பியவர்கள்கூட அதனால் தோற்றதை நான் அறிவேன். பார்த்தபின் கண்ணைக் கோட்டின்மேல் வைக்காமல், போய்ச் சேர வேண்டிய இடத்தின்மேல் வையுங்கள்.

வேகப் பகுதிகளுக்கு அவ்வளவு விளக்கம் வேண்டியதில்லை. அவசர நிறுத்தத்துக்கும் தடை தவிர்த்தலுக்கும் மணிக்கு 50 கிலோமீற்றர், அதாவது 31 மைல் அளவு வேண்டும். முப்பது மைல் வரம்புள்ள வீதியில் இந்த வேகத்தைச் சோதிக்க முடியாது என்பதால்தான் 2009 இல் பரீட்சை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, மொட் 1 மூடிய திடலுக்குப் போனது. இரண்டாம் கியரிலேயே இருங்கள். வளைவை விட்டு நிமிர்ந்தவுடன் தயங்காமல் வேகமெடுங்கள். தடை தவிர்க்கையில் வளைந்து முடிந்து வண்டி நேரான பின்னரே பிரேக்கைத் தொடுங்கள். ஐந்து சிறு பிழைகள் வரை மன்னிக்கப்படும். பாரதூரமான பிழை ஒன்றே முடித்துவிடும்.

மொட் 2 இல் பத்துச் சிறு பிழைகள் வரை இடமுண்டு. ஏ2 வண்டியில் அதைச் செய்யும்போது பரீட்சகர்கள் கவனிப்பது தயக்கத்தை. அறுபது மைல் வீதியில் நாற்பத்தைந்தில் போவதையும், வட்டச் சந்தியில் வெறுமையான இடைவெளி இருந்தும் நின்றுகொண்டிருப்பதையும் அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். முழுச் சக்தி வண்டியில் ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. லண்டனில் இருபது மைல் வரம்புள்ள வீதிகள் நிறைய. 50 கிலோவாட் எஞ்சின் வேகமானியின் முள்ளை நீங்கள் உணர்வதற்குள் இருபத்தைந்துக்கு ஏற்றிவிடும். நான் இருபது மைல் வீதிகளில் இரண்டாம் கியரை விட்டு ஏறவே இல்லை. எஞ்சினின் இரைச்சலே வேகத்தை நினைவூட்டிக்கொண்டிருந்தது. வேல்ஸில் இருப்பவர்களுக்கு, அங்கே 2023 செப்டெம்பரிலிருந்து குடியிருப்புப் பகுதிகளில் இருபது மைலே பொது வரம்பாக இருப்பதால், இது இன்னும் முக்கியம்.

பதிவு செய்வது பற்றிச் சில குறிப்புகள்:

மொட் 1 நடத்தும் நிலையங்கள் குறைவு. இரண்டு ஆண்டு நிறைவுத் தேதியைச் சுவரில் எழுதிவைத்து, அதற்குச் சில மாதங்கள் முன்னரே பயிற்சிப் பாடசாலையோடு பேசுங்கள்.

மொட் 1 க்கும் மொட் 2 க்கும் இடையில் குறைந்தது இரண்டு வாரமாவது விடுங்கள். மொட் 1 தவறினால் மூன்று வேலைநாட்கள் கழித்துத்தான் மறுபடி முயலலாம். மொட் 2 தவறினால் பத்து வேலைநாட்கள். மொட் 1 இல் சித்தியடையாமல் மொட் 2 க்குப் போக முடியாது.

காலை முதல் நேரத்தையே எடுங்கள். நாள் முழுவதும் காத்திருந்து மாலையில் போவதை என்னால் தாங்க முடியாது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பரீட்சை நாளை வீட்டில் சொல்ல வேண்டாம். என் அம்மாவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே நெஞ்சு படபடக்கும். அவருடைய பயத்தையும் சுமந்துகொண்டு என்னால் யூ திருப்பம் திரும்ப முடியாது. சித்தியடைந்தபின் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

குளிர்காலத்தைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். டிசம்பரில் பரீட்சைக்கு இடம் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். ஈரத்தரையில் பழகியவருக்கு அது ஒரு தடையல்ல.

சித்தியடைந்த பின் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்தே நீங்கள் முழுச் சக்தி வண்டியைச் சட்டப்படி ஓடலாம். ஆனால் உங்கள் காப்புறுதி 35 கிலோவாட் வண்டிக்கும் ஏ2 அனுமதிக்கும் எழுதப்பட்டது. தடை என்பது அக்ஸிலரேற்றர் முழுவதும் திறக்காமல் தடுக்கும் சிறு பாகமாக இருக்கலாம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. இன் மென்பொருளாகவும் இருக்கலாம், எதுவாயினும் அதை அகற்றுவதற்கு முன்னரே காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, அனுமதி மாறியதையும் வண்டியின் சக்தி மாறப்போவதையும் தெரிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்டதை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள். என் வண்டியின் தடை இன்னும் அகற்றப்படவில்லை. அந்த மின்னஞ்சல் வந்துவிட்டது. மெக்கானிக் வரும் சனிக்கிழமை நேரம் தந்திருக்கிறார்.